டெர் டி ஹெர்மெஸ் பத்து நிமிடத்தில் மண் மணக்கிறது, போலியா?

கேள்வி இதுதான். பாரிஸில் இருக்கும் சித்தப்பா போன மாதம் திருகோணமலைக்கு வந்தபோது டெர் டி ஹெர்மெஸ் என்ற பிரெஞ்சுச் சென்ட் போத்தல் ஒன்று கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அடித்தவுடன் தோடம்பழத் தோல் உரித்த மணம். பத்து நிமிடத்தில் அது போய்விடுகிறது. பிறகு காய்ந்த மண்ணும் கல்லும் வேரும் கலந்தது போல ஒன்று. பத்து மணிக்குக் கந்தோரில் இருக்கும்போது அதுவும் இல்லை. "போலிச் சாமானா? அசல் என்றால் இதில் அப்படி என்னதான் இருக்கிறது? ஆவணியில் தங்கைக்குக் கல்யாணம், அன்றைக்குப் போடலாமா?"

தம்பி, போத்தலைக் கண்ணால் பார்க்காமல் அசல் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் குறையென்று நீங்கள் எழுதியிருப்பது அத்தனையும் அந்தச் சென்டின் சுபாவம். கட்டாரில் ஒரு வாசனைக் கடையில் பதினொரு வருடம் நின்று போட்டு இப்போது உவர்மலையில் இருக்கிறேன். இந்தப் போத்தலைத் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்தவர்கள் எல்லாரும் நீங்கள் சொன்னதைத்தான் சொன்னார்கள். "மேலே பழம், கீழே மண், ஏன் இப்படி?" அப்படித்தான் செய்திருக்கிறார்கள். பிரெஞ்சில் 'டெர்' என்றாலே மண்தான்.

முதலில் அந்தப் பழம் ஏன் ஓடுகிறது என்று பார்த்துவிடுவோம். இன்றைக்கு இரவு ஒரு மெழுகுவர்த்தி கொளுத்தி வைத்து, தேசிக்காய்த் தோல் ஒரு துண்டை இரண்டு விரலால் மடித்துச் சுடருக்குப் பக்கத்தில் பிதுக்கிப் பாருங்கள். சடசடவென்று பொறி பறக்கும். தோலுக்குள் குட்டிக் குட்டிப் பைகளில் இருக்கிற எண்ணெய் அது. சென்டுக்குப் போகிற தோடம்பழ எண்ணெயும் பெரும்பாலும் இப்படித் தோலைப் பிழிந்தே எடுப்பதுதான். அதில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் லிமோனீன் என்ற ஒரே பொருள். பத்தே கார்பன் அணு உள்ள சின்ன மூலக்கூறு. உடம்புச் சூடு பட்டால் கிளம்பிவிடும். பெரிய பிரெஞ்சுக் கம்பெனி செய்தாலும் கிண்ணியாவில் அத்தர் கடைக்காரர் கலந்தாலும் எலுமிச்சை இனத்து மணம் தோலில் கால் மணித்தியாலம், மிஞ்சினால் அரை மணித்தியாலம். அதற்கு மேல் பழம் மணத்துக்கொண்டே இருந்தால்தான் நான் சந்தேகப்படுவேன்.

எங்கள் வீடுகளுக்கு இது புதிசும் இல்லை. காய்ச்சல் வந்தால் அம்மம்மா லேஞ்சியில் ஓடிக்கொலோன் ஊற்றி நெற்றியில் போடுவாவே, அந்த மணத்தை நினைத்துப் பாருங்கள். இத்தாலியில் இருந்து போய் ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் குடியேறிய யோஹான் மரியா ஃபரினா செய்த தண்ணீர் அது, 1709 இல் அவருடைய குடும்பம் அந்த ஊரில் தொடங்கிய வியாபாரம். தான் குடியேறிய ஊரின் பெயரையே தண்ணீருக்கு வைத்துவிட்டார். பெர்கமொட் (அதுவும் எலுமிச்சை இனத்துப் பழம்தான்), எலுமிச்சை, தோடை, கொஞ்சம் பூ, கொஞ்சம் இலை, மிச்சம் எல்லாம் மதுசாரம். கீழே பிடித்து வைக்க அநேகமாக ஒன்றும் இல்லை. லேஞ்சி காய்வதற்குள் மணமும் போய்விடும். அதற்காக அம்மம்மா யாரிடமும் முறைப்பாடு வைத்தது கிடையாது, திரும்ப ஒரு தரம் ஊற்றுவா, அவ்வளவுதான்.

சென்ட் செய்கிறவர்களுக்கு அது போதவில்லை. அந்தப் பளிச்சென்ற தொடக்கமும் வேண்டும், மத்தியானம் வரைக்கும் ஏதாவது நிற்கவும் வேண்டும். எலுமிச்சையைக் கட்டி வைக்க முடியாது. அது போகும்போது அதன் இடத்தில் யார் வந்து உட்காருவது என்பதைத்தான் தீர்மானிக்கலாம். பூவை வைத்தால் ஒரு வகை, பாசியை வைத்தால் ஒரு வகை. மரத்தையும் வேரையும் வைத்தால் உங்கள் கையில் இருக்கிற வகை.

டெர் 2006 இல் வந்தது. செய்தவர் ஜான் குளோட் எலெனா, ஹெர்மெஸ் கம்பெனியின் சொந்த வாசனைக் கலைஞராக 2004 இல் சேர்ந்தவர். குறைந்த சாமான்களை வைத்துக் கலக்கிறவர் என்று பேர் எடுத்த மனிதர். மேலே தோடையும் கிரேப்ஃபுரூட்டும், நடுவில் மிளகும் ஜெரேனியமும், கீழே வெட்டிவேர், சிடார் மரம், பச்சோலி இலை, சாம்பிராணி. எழுதினால் ஒரு வரிதான். சூட்சுமம் எல்லாம் ஒன்றில் இருந்து மற்றதுக்குப் போகிற இடத்தில் இருக்கிறது.

அந்த இடத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். மருந்துச் சாமான் கடையில் வெட்டிவேர் ஒரு பிடி வாங்குங்கள். காய்ந்தபடி மூக்கில் வைத்தால் வைக்கோல் மணம், ஏமாற்றமாக இருக்கும். ஒரு சட்டித் தண்ணீரில் போட்டு அரை மணித்தியாலம் விட்டு, ஈரத்தோடு எடுத்துக் கசக்கி மணந்து பாருங்கள். முதலில் மழை விழுந்த மண். பிறகு கொஞ்சம் புகை. கடைசியில், பொறுமையாக நின்றால், ஒரு கசப்புத் தெரியும். பழத் தோலின் உட்பக்க வெள்ளையைக் கடித்த மாதிரிக் கசப்பு. வேருக்குள் பழத்தோல் எங்கே இருந்து வந்தது?

கிரேப்ஃபுரூட் பம்பளிமாசும் தோடையும் கலந்து பிறந்த பழம். அதன் தனி மணத்துக்கு ஒரு முக்கிய காரணம் நூட்கட்டோன் என்ற பொருள். வெட்டிவேர் எண்ணெயின் முக்கியமான வாசனைப் பொருள்களில் ஒன்று ஆல்ஃபா வெட்டிவோன். இந்த இரண்டாவதற்கு இரசாயனக்காரர் வைத்திருக்கிற இன்னொரு பேர் ஐசோநூட்கட்டோன். அணுக்களின் எண்ணிக்கை ஒன்று, அடுக்கில்தான் சிறு வித்தியாசம். மூக்குக்கு இரண்டும் ஒன்றுவிட்ட சகோதரம். அதனால்தான் தோடை விலகும்போது இடையில் வெற்றிடம் வருவதில்லை. கிரேப்ஃபுரூட்டின் கசப்பு வேரின் கசப்புக்குள் இறங்கிவிடும், எங்கே பழம் முடிந்தது, எங்கே வேர் தொடங்கியது என்று சொல்ல ஏலாது. பத்து நிமிடத்தில் மண் வந்துவிட்டது என்கிறீர்கள். ஒரு தரம் மணிக்கூட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாலாம் நிமிடத்தில் இருந்து ஒன்பதாம் நிமிடம் வரை கையை மணந்து பாருங்கள். இந்தச் சென்டுக்கு நான் காசு கொடுப்பேன் என்றால் அந்த ஐந்து நிமிடத்துக்குத்தான்.

வேர் மெதுவாகப் போகிறதற்கும் காரணம் இருக்கிறது. லிமோனீனுக்குப் பத்துக் கார்பன் என்றேன், வேரின் பொருள்களுக்குப் பெரும்பாலும் பதினைந்து. கனம் கூட. ஹெய்ட்டியிலும் ஜாவாவிலும் இந்த வேரை வடிக்கும்போது நீராவியில் பெரும்பாலும் ஒரு முழு நாள் வைத்துத்தான் எண்ணெயை வாங்குகிறார்கள். அவ்வளவு பிடிவாதமாகத் தங்குகிற சாமான் தோலில் மட்டும் உடனே போய்விடுமா?

பேரும் எங்களுடையதுதான். பிரெஞ்சுக்காரர் 'வெத்திவேர்' என்று சொல்வது எங்கள் வெட்டிவேரை. பச்சோலிக்கும் அகராதிகள் தமிழைத்தான் காட்டுகின்றன. ஆரஞ்சு என்ற சொல்லையே பின்னால் தேடிக்கொண்டு போனால் அரபு, பாரசீகம், சமஸ்கிருதம் எல்லாம் தாண்டி நாரத்தங்காயின் பக்கத்தில் வந்து நிற்கும் என்கிறார்கள். இதற்காகப் போத்தலில் ஒரு ரூபாய் குறைத்துத் தரமாட்டார்கள் என்பது வேறு கதை.

கல் மணம் என்று சரியாகப் பிடித்திருக்கிறீர்கள், கெட்டிக்காரன். சின்ன வயதில் வெள்ளைக் கல் இரண்டை இருட்டில் உரசிப் பொறி பார்த்திருப்பீர்கள். உரசின இடத்தை மணந்தால் கருகினது போல, வெடி கொளுத்தினது போல ஒரு மணம் வருமே, அதைத்தான் தீக்கல் வாசம் என்று இந்தச் சென்டின் விபரத்தில் சொல்கிறார்கள். கல்லில் இருந்து எண்ணெய் எடுக்க முடியாது. மிளகின் வரட்சி, கிரேப்ஃபுரூட்டின் கசப்பு, மரத்தின் உலர்ந்த தன்மை எல்லாம் சேர்த்து மூக்குக்குக் காட்டுகிற ஒரு வித்தை. சிலருக்கு அது கல்லாகத் தெரியும், சிலருக்குப் பழைய சீமெந்துத் தரையாக. எனக்கு மத்தியான வெயிலில் கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது பாறையில் இருந்து கிளம்புகிற சூட்டு மணம்.

இனி, பத்து மணிக்குக் கந்தோரில் ஒன்றும் இல்லை என்பது. இதில் பாதி உங்கள் மூக்கின் வேலை. எந்த மணமும் தொடர்ந்து பட்டால் மூக்கு அதைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும். மீன் சந்தையில் நிற்கிறவருக்கு மீன் மணக்காது. டெரில் இது இன்னும் கூட, ஏனென்றால் அதன் மர மணத்தின் பெரும் பங்கு ஐசோ ஈ சூப்பர் என்ற செயற்கைப் பொருள். சிடார் பலகையை வெல்வெட்டில் சுற்றி வைத்த மாதிரி ஒரு மென்மை. அது வந்து வந்து போகும். போட்டவருக்கு ஒரு நேரம் தெரியும், அடுத்த நேரம் தெரியாது. சிலருக்கு வாழ்நாள் முழுக்கத் தெரியாமலே போகும். ஆனால் பக்கத்தில் இருக்கிறவரின் மூக்குக்கு அது போய்ச் சேர்ந்துகொண்டேதான் இருக்கும்.

எனக்கே நடந்தது. காலை ஏழு மணிக்கு இதை இரண்டு தரம் அடித்துவிட்டுப் போனேன். மத்தியானம் இரண்டு மணிபோல மத்திய வீதியில் ஓட்டோ பிடித்தேன். அதற்குள் என் மூக்குக்கு எல்லாம் முடிந்துவிட்டது. பொடியன் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "அண்ணன் கோயிலால வாறீங்களா? சாம்பிராணி மணக்குது" என்றான். ஏழு மணித்தியாலம். அவனுடைய மூக்கு பொய் சொல்லவில்லை, கடைசியாக நிற்கிறது சாம்பிராணிதான். வெள்ளிக்கிழமை தணலில் போடுகிற அதே இனப் பிசின். ஆகவே உங்களுக்குள் நீங்களே தீர்ப்பு எழுதாமல், மத்தியானம் கந்தோரில் ஒருவரைக் கிட்டக் கூப்பிட்டுக் கேளுங்கள். வெட்கமாக இருந்தால் காலையில் போட்ட சேர்ட்டைக் கழற்றி வைத்து, கடற்கரையில் நன்றாகக் காற்று வாங்கிவிட்டு வந்து கொலரை மணந்து பாருங்கள்.

மற்றப் பாதி எங்கள் ஊர் வெயில். இந்தச் சென்ட் பாரிஸின் வசந்தத்தில் நடக்கிற வேகம் வேறு. இங்கே வைகாசிக்குப் பிறகு கச்சான் அடிக்கத் தொடங்கினால் (கடலைக் கச்சானைச் சொல்லவில்லை, காற்றைச் சொல்கிறேன்) தோலில் ஈரம் நிற்காது, பழமும் நிற்காது. தோடைப் பகுதி பாதி நேரத்தில் முடிந்து நேரே மண்ணுக்குப் போய்விடும். மார்கழி வாடையில் ஒரு தரம் போட்டுப் பாருங்கள், வேறு போத்தலா என்று கேட்பீர்கள். மழைக்குளிரில் கிரேப்ஃபுரூட் ஆறுதலாக நின்று பேசிவிட்டுத்தான் போகும், வேருக்கும் ஒரு ஈரம் வந்துவிடும். என்னைக் கேட்டால் இது இந்த ஊரில் மாரிக்கான சென்ட்.

கோடைக்கு இதே குடும்பத்தில் மூத்தவர்கள் இருக்கிறார்கள். 1966 இல் எட்மண்ட் ருட்னிட்ஸ்கா டியோர் கம்பெனிக்குச் செய்த ஓ சொவாஜ் ஒன்று. ஹெடியோன் என்ற பொருளைத் துணிந்து போட்டுப் புகழாக்கிய சென்ட் அது. மல்லிகையின் பாரத்தை எடுத்துவிட்டுக் காற்றை மட்டும் வைத்தது போல இருக்கும். எலுமிச்சை போன பிறகும் ஏதோ வெளிச்சமாக இருக்கிறது என்ற நினைப்பைத் தருவது அதுதான். மரம் மெல்லிசாகப் பின்னால் நிற்கும். கச்சான் காலத்துக்கு நான் டெரை விட அதைத்தான் எடுப்பேன். இன்னொன்று கெர்லென் கம்பெனியின் வெட்டிவேர் என்ற சென்ட், 1960 ஐ ஒட்டி வந்தது. அதில் வேர் முன்னுக்கு, எலுமிச்சை அதன் மேல் பிழிந்த அளவுக்குத்தான், கூடக் கொஞ்சம் புகையிலை. எங்கள் அப்பாக்களின் வயதுக்காரருக்குப் பொருந்தும். உங்களுக்கு அது கொஞ்சம் கிழட்டுத்தனமாகப் படலாம், படட்டும், பத்து வருடத்தில் திரும்பி வருவீர்கள்.

டெரிலேயே பார்ஃபம் என்று ஒன்று 2009 இல் வந்தது. சித்தப்பா கொடுத்தது அதுவா, 2006 இல் வந்த பழைய வகையான ஓ டு துவாலெட்டா என்று போத்தலில் பாருங்கள். பார்ஃபம் என்றால் தோடை தொடக்கத்திலேயே குறைவு, மரம் கனம்.

போடுகிற முறையில் இங்கே பலர் பிழை விடுகிறார்கள். குளித்துத் துடைத்து, வேர்வை அடங்கிய பிறகு போடுங்கள். நெஞ்சில் ஒன்று, சேர்ட்டின் உட்பக்கம் தோள்பட்டையில் ஒன்று. துணி தோலைப் போலச் சூடு இல்லை, அதனால் பழம் அங்கே கூட நேரம் நிற்கும். இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துத் தேய்க்க வேண்டாம், சூடேறி மேல் மணம்தான் முதலில் போகும். காய்ந்த தோலில் மணம் வழுக்கிக்கொண்டு போய்விடும் என்பதால் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவலாமா என்று ஒருவர் கேட்டார். தேங்காயெண்ணெய்க்கே ஒரு மணம் இருக்கிறதே ஐயா. மணமில்லாத வாசலின் ஒரு பொட்டுப் போதும்.

நிலாவெளிக்குக் குளிக்கப் போகிற அன்றைக்குக் கழுத்தில் அடிக்காதீர்கள். பெர்கமொட், தேசிக்காய் எண்ணெய்களில் பெர்கப்டென் என்று ஒரு பொருள் உண்டு. அது தோலில் இருக்க வெயில் பட்டால் கரும்பழுப்புத் தழும்பு விழும், சிலருக்குக் கொப்புளமே போடும். இப்போதைய பெரிய கம்பெனிகள் அதை எடுத்துவிட்டோ அளவைக் கட்டுப்படுத்தியோதான் செய்கின்றன. ஆனாலும் வெயிலில் எதற்குச் சோதனை? மீன் சுட்டுத் தேசிக்காய் பிழிந்த கையைக் கழுவாமல் கடற்கரையில் இருந்தாலும் இதேதான் நடக்கும். அதை யாரும் சொல்லித்தருவதில்லை.

போத்தலை வைக்கிற இடம். கட்டாரில் இருந்து வந்த புதிதில் நான் ஒரு பெட்டி நிறையப் போத்தல்களை அலுமாரிக்கு மேலே, சீற்கூரை போட்ட அறையில் வைத்தேன். ஒரு கோடை தாண்டியது. திறந்து பார்த்தால் மரச் சென்டுகள் பரவாயில்லை, எலுமிச்சை உள்ளவை எல்லாம் டர்பன்டைன் போல மணத்தன. லிமோனீன் காற்றோடும் சூட்டோடும் சேர்ந்து பழுதாகிற மணம் அது. பழுதான லிமோனீன் சிலருக்குத் தோலில் கடியும் உண்டாக்கும். ஆறு போத்தல், அனைத்தும் என் சொந்தக் காசு. அலுமாரிக்குள், அட்டைப் பெட்டியோடு, உடுப்புகளுக்குப் பின்னால் வையுங்கள். குளியலறை வேண்டாம், ஜன்னல் ஓரம் வேண்டவே வேண்டாம்.

போலியா என்பதற்குத் திரும்ப வருகிறேன். பெட்டியின் எழுத்து, மூடியின் பாரம், அடியில் இருக்கிற செம்மஞ்சள் நிறம் என்று ஆளுக்கொரு அடையாளம் சொல்வார்கள். போலி செய்கிறவனும் அதையெல்லாம் படித்துவிட்டுத்தான் செய்கிறான். நான் நம்புவது மணிக்கூட்டை. என் கையில் வந்த மலிவுப் போலிகள் பெரும்பாலும் ஒரே மணமாகத் தொடங்கி, ஒரே மணமாகக் கத்தி, ஒரே மணமாக முடிந்தன. பழமாகத் தொடங்கிக் கல்லாகி வேராகிச் சாம்பிராணியில் நிற்கிற ஒன்றை மலிவில் செய்வது கஷ்டம். உங்களுடையது பழத்தில் இருந்து மண்ணுக்கு நடந்து வந்திருக்கிறது. சித்தப்பாவைச் சந்தேகப்பட நான் காரணம் காணவில்லை.

கல்யாணம். ஆவணி இங்கே இன்னும் கச்சான்தான், மண்டபத்தில் ஓமப் புகை, மல்லிகை மாலை, முந்நூறு பேரின் வேர்வை. இந்த நெரிசலில் டெரின் நுணுக்கம் ஒன்றும் வெளியே தெரியாது, ஆனால் அதன் வேரும் சாம்பிராணியும் மண்டபத்து மணத்தோடு சண்டை பிடிக்காமல் சேர்ந்துகொள்ளும். ஆகப் போடலாம். நீங்கள்தான் தோழனாக மாப்பிள்ளையின் காலைக் கழுவி மோதிரம் வாங்கப் போகிறவர் என்றால், குனியும்போது உங்கள் பிடரி அவருடைய மூக்குக்கு நேரே இருக்கும். அதனால் கழுத்தில் வேண்டாம், நெஞ்சில் ஒன்றே போதும். வேட்டி கட்ட முதலே அடித்துக் காயவிடுங்கள். பட்டில் பட்டால் மஞ்சள் பொட்டு விழும், பிறகு எந்தச் சலவைக்காரரும் அதை எடுத்துத் தரமாட்டார்.